டிரைவரே வேண்டாம் என்று பேசி பஸ் ஸ்டாண்டை மறித்த கதை

கையில் மைக் வந்ததும் தங்களுக்குத் தெரிந்ததைப் போல இரண்டு மடங்கு பேசிவிடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவன். இப்போது கொஞ்சம் குறைந்திருக்கிறது. குறைத்தது ஒரு மினி பஸ் டிரைவர்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. சென்னையில், சரக்கு ஏற்றும் மின்சார வேன்களை ஓட்டும் ஒரு கம்பெனியில் ஆள் சேர்க்கும் பிரிவில் இருந்தேன். ஊர் ஊராகப் போய் இளைஞர்களிடம் பேசி, வண்டி ஓட்டவும் பராமரிக்கவும் தரும் பயிற்சிக்கு ஆள் பிடித்து வர வேண்டும். இரண்டு மாதமாக ஒருவரும் சேராததால், மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, அடுத்த முகாமிலாவது இருபது விண்ணப்பம் வரவில்லையென்றால் வேறு வேலை பார்த்துக்கொள் என்று பொறுமையாகச் சொல்லியிருந்தார். அடுத்த முகாம் செஞ்சியில். எனக்குச் சொந்த ஊர் பக்கத்தில் வல்லம்.

சொந்த மண்ணில் பேச்சு என்றதும் கோட்டு ஒன்றை இரவல் வாங்கினேன். (மே மாதம். செஞ்சிக் கோட்டை மலைப் பாறையில் தோசை வார்க்கலாம் போன்ற வெயில். அதில் கோட்டு.) மல்லாட்டைக் கொல்லையில் (வேர்க்கடலைதான்) களை வெட்டிக்கொண்டிருந்த அப்பாவுக்கு, எங்கள் வீட்டில் நைனாவுக்கு, ஆள் அனுப்பி, வந்து என் பேச்சைக் கேட்கச் சொன்னேன். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்துவிட்டார்.

பஸ் ஸ்டாண்டை ஒட்டிய காலி இடத்தில் பந்தல். பிளஸ் டூ முடித்த பிள்ளைகள் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். காட்சிக்காக நான் ஓட்டி வந்த வேனைப் பந்தலுக்குள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற ஜனமும் பார்க்கட்டும் என்று, பஸ்கள் வெளியே போகிற வழியில் குறுக்கே நிறுத்தினேன். அங்கே இருந்த காவலாளி கேட்டதற்கு, பத்தே நிமிஷம் என்றேன். வேனின் முன்விளக்கு, பின்விளக்கு, உள்விளக்கு, இண்டிகேட்டர் எல்லாவற்றையும் எரியவிட்டேன். வண்டிக்குள் இருக்கும் பிளக்கிலேயே ஸ்பீக்கர் பெட்டியையும் மாட்டினேன். திருவிழாத் தேர் மாதிரி இருந்தது.

பிறகு பேசினேன். பத்து நிமிஷம் ஐம்பது நிமிஷம் ஆனது. வருங்காலத்தில் வண்டிகள் தாமாகவே ஓடும், டிரைவர் என்கிற ஜாதியே இருக்காது, கிளட்ச், கியர், கிரீஸ் எல்லாம் அருங்காட்சியகத்துக்குப் போய்விடும் என்றேன். நடுவில் ஒரு பெண் எழுந்து, டிரைவரே வேணாம்னா எங்களை இன்னாத்துக்கு சார் கூப்ட்டீங்க என்று கேட்டாள். நல்ல கேள்வி. நான் இன்னும் சத்தமாகப் பேசினேன்.

முத்தாய்ப்பாக, இப்போது வண்டியை ஓட்டிக் காட்டுகிறேன் என்று கோட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேனில் ஏறி, பட்டனை அழுத்தினேன்.

ஒன்றும் நடக்கவில்லை. விளக்குகள் எப்போதோ மங்கி அணைந்திருந்தன. ஸ்பீக்கரும் அடங்கியிருந்தது; நான் கத்திப் பேசியதில் அதைக் கவனிக்கவில்லை. திரும்ப அழுத்தினேன். லிஃப்ட் வராதபோது அழுத்துவது போலப் பதினைந்து முறை அழுத்தினேன். புறப்படும்போது தொண்ணூறு சதவீதம் சார்ஜ் காட்டிய வண்டி, கல்லாகிக் கிடந்தது.

அதுவரை பஸ்கள் உள்ளே வரும் வழியாகவே வெளியேறிச் சமாளித்தன. இப்போது அந்த வழியும் நெரிசலில் அடைத்துக்கொள்ள, என் பின்னால் திண்டிவனம் பஸ் வந்து நின்றது. அதன் பின்னால் திருவண்ணாமலை பஸ். பிறகு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். ஆரன் சத்தம் மலையில் மோதித் திரும்பி இன்னொரு முறை என்னைத் திட்டியது. பத்துப் பேர் இறங்கி வந்து தள்ளினார்கள். சக்கரம் பூட்டிக்கொண்டிருந்ததால் வேன் அசையவே இல்லை. என் கோட்டின் தையல் மட்டும் முதுகில் விட்டுக்கொண்டது. கூட்டத்தில் ஒரு பெரியவர், தானா ஓடும்னு சொன்னியேப்பா, ஓடச் சொல்லு என்றார். நைனா தலையைக் குனிந்து செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் அவர் வந்தார். சுடிதாருக்கு மேலே காக்கிச் சட்டை, வயது முப்பதுக்குள் இருக்கும். அனந்தபுரம் போகும் மினி பஸ்ஸை ஓட்டுகிறவர், பெயர் அமலோற்பவம். வரிசையில் நான்காவதாக அவர் பஸ் மாட்டியிருந்தது. கோபமே இல்லாமல், டாக்டர் கேட்பதைப் போலக் கேட்டார்.

"லைட்டெல்லாம் எவ்ளோ நேரமா போட்டு வெச்சிருந்தீங்க சார்?"

"ஒரு மணி நேரம். ஆனா சார்ஜ் நெறைய இருக்குது."

"அது பெரிய பேட்டரி. வண்டிய எழுப்பறது சின்ன பேட்டரி. அதத்தான் நீங்க ஸ்பீக்கர் போட்டு காலி பண்ணிட்டீங்க."

மின்சார வண்டியில் சாதாரண பேட்டரி ஒன்றும் இருக்கிறது என்பது, அவற்றைப் பற்றி ஐம்பது நிமிஷம் பேசிய எனக்கு அன்றுதான் தெரிந்தது. முன்மூடியை எப்படித் திறப்பது என்று கேட்டார். அதுவும் தெரியவில்லை. டேஷ்போர்டுக்குள் இருந்த வண்டிக் கையேட்டை எடுத்தார். அதன் பிளாஸ்டிக் உறையை நான் பிரித்திருக்கவே இல்லை. பல்லால் கடித்துக் கிழித்து, இரண்டு பக்கம் படித்தார்.

உங்கள் பஸ்ஸிலிருந்தே கரண்ட் கொடுக்கலாமே என்று யோசனை சொன்னேன். (அந்த நிலையிலும் யோசனை.) "எம் பஸ்ஸு இருவத்திநாலு வோல்ட்டு, ஒங்களுது பன்னெண்டு சார். குடுத்தா உள்ள இருக்கிறதெல்லாம் வெந்துடும்" என்றார். கடைத்தெருவிலிருந்து, குட்டி யானை என்று நாங்கள் சொல்லும், அதே பன்னிரண்டு வோல்ட் சின்ன லோடு வண்டி ஒன்றைப் பின்பக்கமாகவே வரச் சொன்னார். மூட்டைகளுக்கும் டீக்கடைக்கும் நடுவே, கையை மட்டும் ஆட்டி ஆட்டி, அதை ஒரு சாண் இடைவெளியில் நிறுத்த வைத்தார். தன் பஸ்ஸிலிருந்து இரண்டு தடித்த ஒயர்கள் கொண்டுவந்தார்.

ஒயரை மாட்டும்போது சுற்றி நின்ற பிள்ளைகளிடம் பேச ஆரம்பித்தார். சிவப்பை முதலில், கறுப்பைக் கடைசியில் பேட்டரியிலிருந்து தள்ளி இரும்பில் மாட்ட வேண்டும், ஏன் என்றால் பொறி பறக்கும் என்று காட்டினார். ஐந்து நிமிஷம் காத்திருக்க வேண்டியிருந்தது. கேள்வி கேட்ட பெண், இதையெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று விசாரித்தாள். விடுமுறை நாட்களில் திண்டிவனம் போய் மின்சார வண்டி ரிப்பேர் வகுப்பில் படித்ததாகவும், அந்த வகுப்பில் தான் ஒருத்திதான் பெண் என்றும் சொன்னார். மின்சார பஸ் வந்தால் எதை எப்போது சார்ஜ் போடுவது என்று திட்டம் போட ஆள் வேண்டும், பேட்டரி சோதிக்க ஆள் வேண்டும், லேப்டாப்பை மாட்டிக் கோளாறு கண்டுபிடிக்க ஆள் வேண்டும், எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும் என்று அடுக்கினார். என் ஐம்பது நிமிஷப் பேச்சில் இல்லாத வேலைகள் அத்தனையும் அந்த ஐந்து நிமிஷத்தில் இருந்தன.

அப்போ டிரைவர்? என்றாள் அந்தப் பெண்.

"அனந்தபுரம் ரோட்ல பாதி ரோட்டுக்கு மல்லாட்டை காயப் போட்டிருப்பாங்க. மீதி பாதில ஆடு வரும். எந்தப் பக்கம் ஒதுங்கறதுன்னு ஒரு மிசினு கத்துக்கிற வரைக்கும் நான் ஓட்டுவேன். கத்துக்கிச்சுன்னா, அந்த மிசின ரிப்பேர் பண்ணுவேன்."

வேன் விழித்துக்கொண்டது. அவரே ஏறி, அந்த நெரிசலில் ஒரே திருப்பில் அதைப் பந்தலுக்குள் கொண்டுபோய் நிறுத்தினார். பஸ்கள் நகர்ந்தன. அவரும் தன் பஸ்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோதே கியர் மாற்றிவிட்டார்.

அன்று முப்பத்தோரு விண்ணப்பங்கள் வந்தன. இந்தத் துறையில் சேர யார் தூண்டினார்கள் என்று படிவத்தில் ஒரு கேள்வி இருந்தது. ஏறக்குறைய எல்லோரும் பஸ் அக்கா என்று எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் என் பெயரை எழுதி, அடித்துவிட்டிருந்தான்.

மேனேஜரிடம் மறைக்காமல் சொன்னேன். (மறைக்க முடியாது. யாரோ செல்போனில் எடுத்த வீடியோ எனக்கு முன்பே சென்னை போய்ச் சேர்ந்திருந்தது.) அவர் நீண்ட நேரம் சிரித்துவிட்டு, நமக்குப் பயிற்சி கொடுக்க வருவாரா என்று அந்த அம்மாவை நாளைக்கே போய்க் கேள் என்றார். அமலோற்பவம் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. பயிற்சி செஞ்சியிலேயே நடக்க வேண்டும், பாதி இடம் பெண்களுக்கு என்று இரண்டு நிபந்தனை போட்டார். இரண்டும் நடந்தன. இன்று எங்கள் பயிற்சிப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நான் எங்கே பேசப் போவதானாலும் என் உரையை முதலில் அவருக்கு அனுப்ப வேண்டும். பாதியை வெட்டி அனுப்புவார். மிச்சப் பாதிதான் நன்றாக இருக்கும். அவரிடம் வேலை பார்ப்பதில் எனக்கு இருக்கிற பெருமையை இதுவரை அவரிடம் சொன்னதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நீண்டுவிடும் என்று பயம்.

வீட்டில்தான் விடுதலை கிடைக்கவில்லை. அன்று நைனாவுடன் வல்லம் திரும்பினேன். வாசலில் இறங்கும்போது அவர், "பேசறதுக்கு மின்ன வண்டி ஸ்டார்ட் ஆவுதான்னு பாத்துக்கடா" என்றார். அது குடும்பச் சொத்தாகிவிட்டது. என் கல்யாணத்தில் நாலு வார்த்தை பேசச் சொல்லி யாரோ மைக்கை நீட்டியபோது, எங்கள் பக்கத்து மூன்று வரிசையும் ஒரே குரலில் அதைச் சொன்னது. பெண் வீட்டார் விழித்தார்கள். விவரம் கேட்டுத் தெரிந்துகொண்ட என் மனைவி அதைச் சுருக்கிவிட்டாள். இப்போதெல்லாம் நான் நாற்காலியில் சாய்ந்து, யாருக்காவது அறிவுரை சொல்லத் தொண்டையைக் கனைத்தால் போதும். ஒரு வார்த்தையும் பேசாமல் எழுந்து போய், வண்டிச் சாவியைக் கொண்டுவந்து என் கையில் வைப்பாள்.