தூய்மையான காலுக்கு ஒரு சிலை

மனித குல முன்னேற்றத்துக்குத் தலையைவிடக் காலே முக்கியம் என்று உலகிலேயே முதன்முதலில் தீர்மானம் போட்ட பெருமை, அஸ்தூரியாஸ் மலையடிவாரத்துப் பெனாமியெரா நகராட்சியைச் சேரும். தீர்மானத்துக்குரிய கால், பெலார்மினோ அவர்களின் வலது கால்.

பெலார்மினோ பதினாறு ஆண்டுகள் கால்பந்தில் தடுப்பாட்டக்காரராக விளையாடி ஓய்வு பெற்றவர். அடித்த கோல்கள்: இல்லை. ஆனால் 1996-இல், பருவத்தின் கடைசி ஆட்டத்தில், எண்பத்தெட்டாவது நிமிடத்தில், ஆற்றுக்கு அக்கரை அணியின் லிசார்தோ தனியாகப் பந்தோடு கோலை நோக்கி ஓடினார். பின்னாலிருந்து பெலார்மினோ சறுக்கினார். கோல் விழவில்லை, லிசார்தோ விழுந்தார். நடுவர் சரியாக அந்த நேரம் பார்த்து, மழையில் நனைந்த விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார். பெனாமியெரா கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் தப்பியது.

அந்தச் சறுக்கலுக்குத் ‘தூய்மையான தடுப்பு’ என்று பெயரிட்டார்கள். அந்தப் பெயரை வைத்துப் பெலார்மினோ முதல் பிரிவுக்குப் போனார். ஒன்பது ஆண்டுகள் ஆடினார். ஊர் திரும்பி ஆப்பிள் மதுக்கடை போட்டார். லிசார்தோ அதன்பின் ஆடவே இல்லை. இந்தச் சிறு விவரம், இடமின்மை காரணமாக, ஊர்க் கால்பந்துக் கழகத்தின் பொன்விழா மலரில் சேர்க்கப்படவில்லை.

பெலார்மினோவுக்கு ஒரே ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. மனசாட்சி. அக்கரைக்குப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்று மூன்று முறை வண்டியை எடுத்தார். மூன்று முறையும் பாலம் வரை போய்த் திரும்பினார். நாலாவது முறை கழகத் தலைவர் தோன் எமெத்தேரியோவிடம் அனுமதி கேட்டதுதான் தப்பாகப் போயிற்று.

“உனக்கென்ன கிறுக்கா மினோ? நீ மன்னிப்புக் கேட்டா ஃபவுல்னு ஒத்துக்கிட்டதா ஆயிடும்.”

“ஃபவுல்தானே தலைவரே?”

“இருக்கலாம்யா. ஆனா அது உன் சொந்த விஷயம் இல்ல. ஊர்ச் சொத்து.”

ஊர்ச் சொத்தைப் பாதுகாக்கத்தான் சிலை. வெண்கலத்தில் பெலார்மினோ சறுக்குவார், லிசார்தோ ஓடுவார், நடுவே பந்து. சிற்பி எதெல்வினா நேர்மையான பெண். நிஜக் காலில் அச்செடுக்காமல் வேலையைத் தொட மாட்டேன் என்றுவிட்டாள். ‘கால் நல்கும் பெருந்தகை’ என்று விளித்து லிசார்தோவுக்கு நகராட்சி முத்திரையோடு கடிதம் போயிற்று.

அவர் வந்தார். கைத்தடியோடு, நொண்டிக்கொண்டு, பட்டறைப் படி ஏறி வந்தார். பெலார்மினோ எழுந்து நின்றார். முகத்தைப் பார்க்கும் தைரியமில்லாமல் கைத்தடியைப் பார்த்தார்.

“எந்தக் கால்மா வேணும்?” என்றார் லிசார்தோ. “முறியறதுக்கு முந்தினதா, பிந்தினதா?”

எதெல்வினா யோசித்தாள். “முந்தினது கிடைக்குமா ஐயா?”

“அது உங்க ஊர் மைதானத்துல கிடக்கு. தேடிப் பாருங்க.”

“கொஞ்சம் மாவுக்கட்டு போடணும். பரவாயில்லையா?”

“போடும்மா. எட்டாவது தடவை.”

பெலார்மினோ அருகில் போனார். “நீ ஏன்யா வந்தே? தூக்கிப் போட்டிருக்கலாமே அந்தக் கடிதாசிய.”

“என் கால் எங்கயாவது ஒரு இடத்துல உருப்படியா நிக்கட்டுமேன்னுதான் மினோ.”

பெலார்மினோ வாயைத் திறந்தார். அதற்குள் தலைவர் இருவருக்கும் நடுவே புகுந்து, “படம்! படம் எடுங்கப்பா!” என்று கத்தினார். வாழ்நாளில் அவர் செய்த ஒரே தடுப்பாட்டம் அது.

அச்சில் வந்த கால் கோணலாக இருந்தது. கோணல் காலைப் பக்கத்தில் வைத்தால் தூய்மையான தடுப்பு ஃபவுல் மாதிரித் தெரிகிறதே என்று நகராட்சியின் சிலைத் துணைக்குழு கவலைப்பட்டது. இரண்டு அமர்வுகள் விவாதித்து, வெண்கலத்தில் காலை நிமிர்த்திவிடுவதென்று ஏகமனதாக முடிவு செய்தது. ஒன்பது மருத்துவர்களால் முடியாததை நகராட்சி ஒரே தீர்மானத்தில் சாதித்தது.

திறப்பு விழாவுக்கு ஊரே மைதானத்தில் கூடியது. லிசார்தோவுக்கு முன்வரிசையில் நாற்காலி. அமைச்சர் ஒருவர் துணியை இழுத்தார். பளபளவென்று நிமிர்ந்த அந்தக் காலை லிசார்தோ வெகுநேரம் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை போலும். மெல்லக் குனிந்து தன் முழங்காலைத் தடவிக்கொண்டார்.

அதைப் பெலார்மினோ பார்த்துவிட்டார். நன்றியுரைக்காக எழுதிக் கொடுத்திருந்த காகிதத்தைச் சட்டைப்பையில் திணித்தார். ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

“இது பொய். நான் பந்தைத் தொடவே இல்ல. அவன் காலைப் பாத்துதான் அடிச்சேன். வேணும்னேதான் அடிச்சேன். லிசார்தோ, என்னை மன்னிச்சிடுய்யா.”

தலைவர்தான் முதலில் சுதாரித்தார். “பாத்தீங்களா! என்ன தன்னடக்கம்! என்ன பெருந்தன்மை!” என்று தொண்டை கிழியக் கத்திக் கைதட்டினார். அமைச்சர் தட்டினார். பிறகு ஆறாயிரம் பேரும் எழுந்து நின்று தட்டினார்கள். கூட்டக் குறிப்பில் ‘வீரர் பணிவு கலந்த நகைச்சுவையுடன் பேசினார்’ என்று பதிவாயிற்று.

பெலார்மினோ மேடையிலிருந்து இறங்கி, ஓடாத குறையாக முன்வரிசைக்கு வந்து, நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டார்.

“உனக்காவது கேட்டுச்சா? ஒருத்தனும் நம்ப மாட்டேங்கிறான்யா!”

லிசார்தோ அவர் தோளில் கை வைத்தார்.

“நம்பாம என்ன? எல்லாரும் நேர்ல பாத்தவங்கதானே. அன்னைக்கும், என் எலும்பு முறிஞ்ச சத்தம் கேட்டதும், இப்படித்தான்யா தட்டினாங்க.”