ரிஜெக்ட் சார் பாஸ் போட்ட விழா

குப்பையிலும் மட்டமான குப்பை, தரமான குப்பை என்று இருவகை உண்டு என்பதைக் கண்டுபிடித்த மனிதர் எங்கள் நகரில்தான் குடியிருந்தார். குப்பை கொட்ட வந்தவரிடம் "இது சரியில்லை, வேற கொண்டு வாங்க" என்று சொன்னவர் உலகத்திலேயே அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைப் பார்த்தால் தெரியலாம். எங்களுக்கு அவர் ரிஜெக்ட் சார்.

ஒரகடத்தில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் சாமான்களைச் சோதித்து உள்ளே விடுகிற வேலை அவருக்கு. போல்ட் வந்தால் பார்ப்பார், நட்டு வந்தால் பார்ப்பார், பார்த்ததில் பாதியைத் திருப்பி அனுப்புவார். அனுப்பும்போது ஒரு சிவப்பு அட்டையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுவார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். சிவப்பு அட்டை கட்டிய பொருளைத் தொழிற்சாலையில் யாரும் தொடக் கூடாது. கட்டியவரே வந்து அவிழ்க்கும் வரை, முதலாளியே தலைகீழாக நின்றாலும் அது அங்கேதான் கிடக்கும். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து வாலாஜாபாத் வரை வீட்டுக்கு ஒருவர் ஏதாவதொரு தொழிற்சாலை லைனில் வேலை பார்க்கிறார்கள். போலீஸ் தொப்பிக்குக் கிடைக்காத மரியாதை எங்கள் ஊர்களில் இந்த அட்டைக்குக் கிடைக்கும்.

ஓய்வு பெற்ற நாளில் கம்பெனியில் மாலை போட்டு, சுவர்க் கடிகாரம் ஒன்று பரிசளித்து, வேனில் ஏற்றி வீட்டில் விட்டார்கள். கடிகாரம் மெதுவாக ஓடுகிறது என்று மறுநாளே திருப்பி அனுப்பினார். மிச்சமிருந்த சிவப்பு அட்டைக் கட்டுகளை மட்டும் சாப்பாட்டுப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டார். அதை அன்றைக்கு யாராவது கவனித்திருந்தால் எங்கள் நகர் ஜனங்கள் நிம்மதியாக வாழ்ந்திருப்பார்கள்.

வீட்டில் உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. காய்கறி வண்டிக்காரர் முருங்கைக்காயை நீட்டினால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு நேராக இருக்கிறதா என்று பார்த்தார். அவர் மனைவி புண்ணியவதி. தோசையை வட்டமாக வார்த்தாலும் இவர் ஓரம் தடிமன் என்பாராம். ஒருநாள் அந்த அம்மா என்னிடம் வந்து, இவரை எந்தச் சங்கத்திலாவது சேர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நான் தாய் வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். பேரன் எடுத்த வயதில் தாய் வீட்டுக்குப் போகிறேன் என்று ஒரு பெண் சொன்னால், நிலைமை முற்றிவிட்டது என்று அர்த்தம்.

அப்போதுதான் எங்கள் நகரில் குப்பைக் குறைப்புக் கூட்டுக் குழு பிறந்திருந்தது. அதுவரை ஒரு டிராக்டர் வந்து குப்பையை அள்ளிப்போய் ஏரிக்கரையில் கொட்டிக் கொளுத்தும். புகை எங்கள் சாப்பாட்டுத் தட்டுக்கே வரும். பொறுக்க முடியாமல் ஐந்து அமைப்புகள் கைகோத்தன: நான் செயலாளராக இருந்த குடியிருப்போர் சங்கம், வியாபாரிகள் சங்கம், ஆட்டோ ஓட்டுநர் சங்கம், கோயில் திருவிழாக் குழு, மகளிர் சுயஉதவிக் குழு. பிளாஸ்டிக்கை ஒழிப்பதற்காக நாங்கள் எடுத்த முதல் நடவடிக்கை, ஐந்து தலைவர்கள் படமும் போட்டு ஆளுயர பிளெக்ஸ் பேனர் வைத்தது. பிறகு வாரம் தவறாமல் கூடினோம். டீ காகிதக் கப்பில் வந்தது, போண்டா பிளாஸ்டிக் தட்டில் வந்தது. கூட்டம் கலைந்ததும் பார்த்தால் நகரிலேயே அதிகமாகக் குப்பை போடுகிறவர்கள் நாங்கள்தான் என்று தெரியும். ஆனால் தீர்மானங்கள் எல்லாம் ஏகமனதாக நிறைவேறின.

வேலை என்று ஏதாவது நடந்தது என்றால் அது மகளிர் குழுவால்தான். தலைவி தனலட்சுமியும் கூட இருந்த பெண்களும் ஒரு காலத்தில் பேக்கிங் லைனில் காண்டிராக்ட் வேலை பார்த்தவர்கள். வயது ஏறியதும் கம்பெனிகள் கதவைச் சாத்திவிட்டன. ஊராட்சி கொடுத்த ஒரு பழைய ஷெட்டில் உட்கார்ந்து குப்பையைப் பிரித்து, காயலான் கடைக்கு விற்று, அந்த வருமானத்தில் குடும்பம் நடத்தினார்கள். அதிலும் ஒரு சிக்கல். பாட்டிலும் கவரும் ஷெட்டை நிறைக்கும், எடை இருக்காது. காற்றை ஏற்றிக்கொண்டு போக நான் என்ன பைத்தியமா என்று லாரிக்காரர் வர மறுத்தார். எல்லாவற்றையும் அமுக்கிக் கட்டுகிற மிஷின் ஒன்று வேண்டும். பெரிய கம்பெனி ஒன்று தர யோசிப்பதாகச் செய்தி வந்தது. மிஷின் வராவிட்டால் ஷெட்டை இடித்து லாரி நிறுத்த விட்டுவிடுவோம் என்று ஊராட்சியில் சொல்லிவிட்டார்கள்.

இந்த நேரத்தில்தான் ரிஜெக்ட் சாரை ஷெட் வாசலில் உட்காரவைத்தேன். சும்மா உட்கார்ந்திருப்பார் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் முதல் வாளி என் வீட்டினுடையது. கையை விட்டுத் துழாவினார். பால் பாக்கெட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கழுவவில்லை. சிவப்பு அட்டையை வாளியின் கைப்பிடியில் கட்டி என்னிடமே கொடுத்தார். பேன்ட், சட்டை, தலையில் ஹெல்மெட், கையில் அட்டை தொங்கும் குப்பை வாளியுடன் நான் தெருவில் நடந்து வந்ததைப் பார்த்த என் வீட்டம்மா கதவைத் திறக்க யோசித்தாள். கழுவிக் காயவைத்துக் கொண்டுபோனேன். அன்றைக்கு ஆபீசுக்கு அரைநாள் லீவு.

பிரித்துக் கொண்டுவர மறுத்தவர்களின் வீட்டு கேட்டுக்கே போய் அட்டை கட்டினார். ஆட்டோ சங்கத் தலைவர் வீட்டில் பெண் பார்க்க வாலாஜாபாத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பாவும் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். காரை விட்டு இறங்கியவர் கேட்டைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பின்னால் தட்டோடு வந்த பெண்கள் அவர் முதுகில் முட்டிக்கொண்டு நின்றார்கள்.

"இன்னாப்பா இது, கேட்லயே ரிஜெக்ட் டேக் தொங்குது? நமக்கு முன்னால வேற யாருனா வந்து பாத்துட்டு வேணாம்னு போயிட்டாங்களா?"

பெண்ணின் அப்பா பதறிப்போனார். அவிழ்த்துப் போட்டிருக்கலாம். ஆனால் அவரும் கம்பெனி ஷிப்டுக்கு ஆள் ஏற்றிப் பிழைக்கிறவர், டேக்கில் கை வைக்க மனசு வரவில்லை. ரிஜெக்ட் சாருக்கு ஆள் போனது. வந்தவர் சம்பந்திகளுக்கு ஒரு வணக்கம்கூடச் சொல்லாமல் நேரே அடுப்படிக்குப் போனார். விருந்தாளிகள் வெயிலில் நிற்க, பட்டுப்புடவை கட்டிய பெண்ணின் அம்மா ஈரக் குப்பையையும் காய்ந்த குப்பையையும் பிரித்தார். அதைப் பார்த்துத் திருப்திப்பட்ட பிறகே அட்டை இறங்கியது. மாப்பிள்ளையின் அப்பாவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. ரீ-இன்ஸ்பெக்‌ஷன் முடிந்த வீடு, நம்பி எடுக்கலாம் என்று அங்கேயே பூ வைத்துவிட்டுப் போனார்கள்.

திட்டாத ஆள் கிடையாது. ஆனால் திட்டிக்கொண்டே எல்லோரும் கழுவினார்கள், பிரித்தார்கள். ஷெட்டில் உடைந்த கண்ணாடியும் குழந்தைகளின் டயப்பரும் கலந்து வருவது நின்றது. பெண்கள் கையில் காயக்கட்டு இல்லாமல் வேலை பார்த்தார்கள்.

கம்பெனியிலிருந்து பெரிய அதிகாரி ஷெட்டைப் பார்க்க வருகிறார் என்ற தகவல் வந்ததும் குழு அவசரமாகக் கூடியது. ரிஜெக்ட் சார் அன்றைக்கு அங்கே இருக்கக் கூடாது என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. மணிமங்கலத்தில் உரக்குழி ஒன்று வெட்டியிருக்கிறார்கள், நீங்கள் வந்து பார்த்தால்தான் ஆச்சு என்று சொல்லி அனுப்பிவைத்தோம். சந்தோஷமாகப் போனார். போய், குழியை ரிஜெக்ட் செய்துவிட்டு, ஷேர் ஆட்டோ பிடித்து, அதிகாரி விழா மேடையில் பேசிக்கொண்டிருக்கும்போதே திரும்பி வந்துவிட்டார்.

அவர் கண்ணில் பட்டதைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். 'குப்பையில்லா நகர்' என்று தெர்மாகோலில் வெட்டி ஒட்டிய எழுத்துகள். பாலிதீன் சுற்றிய பூங்கொத்துகள். கவரோடு போர்த்திய சால்வைகள். ஆளுக்கொரு சின்னத் தண்ணீர் பாட்டில், அதில் ஒரு வாய் குடித்துவிட்டு வைத்த மிச்சம். குப்பையைக் குறைப்பது எப்படி என்று பேசிக்கொண்டிருந்த அதிகாரி மூன்றாவது பாட்டிலைத் திறந்தார்.

ரிஜெக்ட் சார் மேடைக் கம்பத்தில் ஓர் அட்டை கட்டினார். மைக்கில் ஒன்று. பிறகு நிதானமாக நடந்து போய், பூங்கொத்தும் பரிசுப் பெட்டிகளும் ஏற்றியிருந்த அதிகாரியின் கார் கதவில் ஒன்று. டிரைவர் எங்கள் படப்பைக்காரர், முன்பு லைனில் இருந்தவர். அட்டையைப் பார்த்ததும் சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"கலந்து கீது சார். இப்படியே வெளிய அனுப்ப முடியாது" என்றார் ரிஜெக்ட் சார்.

அதிகாரி முதலில் இதுவும் ஒரு கலைநிகழ்ச்சி என்று நினைத்துச் சிரித்தார். நாங்கள் யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்தினார். கடைசியில் வியாபாரிகள் சங்கத் தலைவரின் காரில் ஏறிப் போனார். அவருடைய கார், பூவும் பாலிதீனும் பிரிக்கப்பட்ட பிறகுதான் நகர்ந்தது.

மிஷின் போச்சு என்று எல்லோரும் கத்தினார்கள். ரிஜெக்ட் சார் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தனலட்சுமி மட்டும் கத்தவில்லை. அவர் எதிரே வந்து நின்றாள்.

"உனக்குப் பிஎஃப் வந்துச்சு சார், பொண்ணு நல்லா கீது. எங்களுக்கு இன்னா கீது? இந்த ஷெட்டு ஒண்ணுதான். அதையும் ரிஜெக்ட் பண்ணிட்டியே."

ரிஜெக்ட் சார் சட்டைப் பையில் இருந்த அட்டைகளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் வாசல் நாற்காலி காலியாக இருந்தது. ஜனங்களுக்கு ஒரே கொண்டாட்டம். எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கொண்டுவந்து கொட்டினார்கள். கொஞ்ச நாளில் தனலட்சுமியின் கட்டைவிரலில் கண்ணாடி கிழித்துத் துணி சுற்றியிருந்தது. ஆனாலும் அவரைக் கூப்பிட அவள் போகவில்லை. ரோஷக்காரி.

ஒரு காலையில் ரிஜெக்ட் சார் என் வீட்டு வாசலில் நின்றார். சலவைச் சட்டை, ஷூ. அந்தக் கம்பெனி வரைக்கும் வண்டியில் கொண்டுவிட முடியுமா என்று கேட்டார். அதிகாரியிடம் சண்டை போடப் போகிறாரோ என்று பயந்து நானும் கூடவே உள்ளே போனேன்.

அவர் பையிலிருந்து எடுத்தது ஒரு மஞ்சள் சீட்டு. சாமானில் குறை இருக்கிறது, தெரிந்தே ஏற்கிறேன், பின்னால் என்ன வந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று பரிசோதகர் எழுதிக் கொடுக்கிற சீட்டு அது. லைன் நிற்கிறது என்று மேனேஜர்கள் கெஞ்சிய நாட்களிலும் அவர் அதில் கையெழுத்துப் போட்டதில்லை என்று அவர் மனைவி பெருமையும் எரிச்சலுமாகச் சொல்லியிருக்கிறார். இந்தச் சீட்டில் 'விழா' என்று எழுதி, 'குறையோடு ஏற்கப்பட்டது' என்று கீழே கையெழுத்துப் போட்டிருந்தார். எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

"விழா பாஸ் சார். என் மேல தப்புன்னே வெச்சிக்கோங்க. அந்தப் பொம்பளைங்களுக்கு மிஷின மட்டும் நிறுத்திடாதீங்க."

அதிகாரி சீட்டை இரண்டு முறை படித்தார். மரியாதையாக மடித்து வைத்துக்கொண்டு, பார்க்கிறேன் என்றார். ரிஜெக்ட் சார் வெளியே போனதும் என்னை நிறுத்தி, குரலைத் தாழ்த்தி ஆச்சரியத்தோடு கேட்டார். மிஷினுக்கு விழாவுக்கு முன்பே ஆர்டர் கொடுத்தாகிவிட்டதே, நாங்கள் போட்டோ எடுக்கத்தானே வந்தோம், உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?

யாரும் சொல்லவில்லை. ஐந்து அமைப்புகளில் ஒருவருக்காவது போன் போட்டுக் கேட்கவும் தோன்றவில்லை. பிளெக்ஸ் அடிக்கத்தான் எங்களுக்குத் தெரியும்.

ரிஜெக்ட் சார் வண்டி நிறுத்தும் இடத்தில் வெயிலில் நின்றிருந்தார். இன்னா சொன்னார் என்று கேட்டார். சீட்டைப் பார்த்ததும் மனசு மாறிவிட்டார் சார் என்றேன். படப்பை தாண்டும்போது, குறையோடு பாஸ் பண்ணினது இதுதான் முதல் தடவை என்றார்.

மிஷின் வந்து இறங்கியது. மஞ்சள் சீட்டையும், மிஷின் முன்பே ஆர்டர் ஆனதையும் தனலட்சுமியிடம் சொன்னேன். துணி சுற்றிய விரலை ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு நேரே அவர் வீட்டுக்குப் போனாள்.

"நீ கையெழுத்துப் போட்டதாலதான் சார் மிஷின் வந்துச்சு. நாளைக்கு வாசலுக்கு வந்துடு."

வந்தார். வந்ததும் மிஷினைச் சுற்றியிருந்த தெர்மாகோலுக்கு அட்டை கட்டினார். நகரில் எல்லோருக்கும் உண்மை தெரியும், ஆட்டோ ஸ்டாண்டு வரைக்கும் தெரியும். அவரிடம் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இப்போது அவர் ஓசூரில் மகள் வீட்டில் இருக்கிறார். அந்தத் தெருக்காரர்கள் படுகிற பாட்டை என்னால் யூகிக்க முடிகிறது. இந்த வாரப் பத்திரிகை அங்கேயும் விற்கும். யாரிடமாவது அவர் இரவல் கேட்டால், இந்தப் பக்கத்தை மட்டும் கிழித்துவிட்டுக் கொடுங்கள். கிழித்த தாளை ஈரம் படாமல் தனியாகப் போடுங்கள், பார்த்தால் சந்தோஷப்படுவார்.