ஒற்றை மாணவனும் ‘சுரங்கம்’ சாரும்

தஞ்சாவூர் மண்ணில் பிறந்து, நெல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் கல்லையே நினைத்து வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் ‘சுரங்கம்’ சார்தான். அடித்துச் சொல்வேன்.

எங்கள் பொறியியல் கல்லூரியில் அவர் மெக்கானிக்ஸும் கட்டுமானப் பொருள்களும் நடத்தினார். கான்கிரீட் பாடத்தில் ஜல்லி என்ற சொல் வந்தால் போச்சு. “ஜல்லி எங்கேருந்து வருது?” என்று கேட்டபடி குவாரிக்குள் இறங்கிவிடுவார். மணி அடித்தால்தான் மேலே வருவார்.

கடைசி வருடத்தில் சுரங்கவியலை விருப்பப் பாடமாகக் கொண்டுவந்தார். சுற்றிலும் வயலும் வாய்க்காலும். இரண்டு முழம் தோண்டினால் தண்ணீர். இந்த ஊரில் எவன் சுரங்கம் படிப்பான்? மொத்த வகுப்பும் கம்ப்யூட்டர் பாடத்துக்கு ஓடியது. நான் மட்டும் மாட்டிக்கொண்டேன்.

ஒரே ஆள் என்பதற்காக மனிதர் குரலைத் தணிக்கவே இல்லை. காலி பெஞ்சுகளைப் பார்த்து, “பின்னாடி கேக்குதா?” என்பார். நானும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “கேக்குது சார்” என்பேன்.

கல்லூரி முதல்வர் அவரைக் கூப்பிட்டுக் கறாராகச் சொல்லிவிட்டார். பாடம் மாற்றிக்கொள்ளத் திங்கட்கிழமைதான் கடைசி நாள். அந்த ஒருவனும் போய்விட்டால் பாடம் காலி. சார் அப்புறம் வீடு வீடாகப் போய் அட்மிஷனுக்குப் பிள்ளை பிடிக்க வேண்டியதுதான்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை என்னைக் களப்பயணம் கூட்டிப் போனார். இருவர் தலையிலும் மஞ்சள் ஹெல்மெட். அவர் தோளில், மண்ணைத் துளைத்து மாதிரி எடுக்கும் இரும்புக் கம்பி. டவுன் பஸ்ஸில் ஏறி, ஏதோ ஒரு ஊரில் இறங்கி, வயலோரம் கம்பியை ஊன்றினோம். அவ்வளவுதான். நடவு வயலிலிருந்து ஊரே திரண்டு வந்து கம்பியைப் பிடுங்கிக்கொண்டது.

“யோவ், யாருய்யா நீங்க? மீத்தேன் எடுக்க வந்தீங்களா?”

“ஐயோ, இல்லைங்க! நான் வாத்தியாருங்க. கிளாஸ் நடத்த வந்தேன்.”

“யாருக்கு?”

“இந்தத் தம்பிக்கு.”

“மத்த பசங்க எங்க?”

சார் ஹெல்மெட்டைக் கழற்றினார். “கிளாஸே இவ்ளோதாங்க.”

கூட்டம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தது. சேற்றுக் காலோடு நின்ற ஒரு அம்மா, “அடப் பாவமே! ஒத்தப் புள்ளைய வச்சிக்கிட்டா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்றார். பிறகு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “சரி, சொல்லுங்க சார். நாங்களும் கேக்குறோம்.”

அன்று அவர் பேசினாரே ஒரு பேச்சு! சுரங்கத்துக் கூரையை எப்படித் தாங்க வைப்பது, காற்றை எப்படி உள்ளே அனுப்புவது என்று கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். “மண்ணு சரிஞ்சா உள்ள இருக்கறவன் கதி?” என்று ஒரு பெரியவர் கேட்டார். சாருக்கு முகமெல்லாம் பல். இத்தனை வருடத்தில் அவரிடம் யாரும் சந்தேகம் கேட்டதே இல்லை.

“நல்லா சொன்னீங்க சார். ஆனா எங்க ஊர்ல மட்டும் தோண்டிடாதீங்க” என்று டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். கம்பியை மட்டும் திருப்பித் தரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அவரே எனக்கும் டிக்கெட் எடுத்தார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார்: “தம்பி, திங்கக்கிழம நீ கம்ப்யூட்டருக்கு மாறிக்க. வேலை கெடைக்கும். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.”

“நான் எங்கயும் போகல சார்.”

“ஏன்யா, என்னைப் பாத்தா பாவமா இருக்கா?”

அதில்லை. அப்பா அம்மா இருவரும் குவைத்தில். ஹாஸ்டலில் நான் இருக்கிறேனா, செத்தேனா என்று கேட்க நாதி கிடையாது. அந்தக் கல்லூரியிலேயே, நான் வரும்வரை பேச்சை ஆரம்பிக்காமல் காத்திருந்த ஒரே ஆள் அவர்தான்.

இதையெல்லாம் சொல்ல வாய் வரவில்லை. “இல்ல சார், எனக்குப் புடிச்சிருக்கு” என்றேன்.