காரத் பழமும் என் குடலும்

பொழுது சாய்ந்தால் எனக்குக் கண் மங்குகிறது. போன வாரம் என் சொந்தப் பன்றியை மச்சான் என்று நினைத்து நலம் விசாரித்தேன். அன்றோடு என் மனைவி அதெலினா, சாயங்காலம் நான் சகாவ் என்ற போதை வேர்ச்சாறு குடிக்கப் போவதைத் தடுத்துவிட்டாள். ஊர் ஆண்களெல்லாம் கல்லில் அந்த வேரை இடிக்கும் ஓசை கேட்கும். நான் வீட்டில் கொசு அடிப்பேன்.

நர்ஸ் பார்த்துவிட்டு, வைட்டமின் குறைவு, கண் தெளிய காரத் வாழைப்பழம் சாப்பிடுங்கள் என்றாள். காரத்! எங்கள் போன்பே தீவில் பல் முளைக்காத பிள்ளைகளுக்கு மசித்து ஊட்டுவது. எனக்குப் பல் இருக்கிறது, மானமும் இருக்கிறது. நண்பர்களுக்குத் தெரிந்தால் தொட்டில் கட்டிவிடுவார்கள்.

ஒரு பழம்கூட என் வாய்க்குள் போகாது என்று சபதம் செய்தேன். அதெலினா தட்டில் வைப்பாள். அவள் முதுகு திரும்பியதும் பழம் பன்றிக்குப் போகும்.

"சாப்பிட்டாச்சா?"

"குடல் ஒரு பொட்டு விடாம உறிஞ்சிடுச்சு."

பிறகு மீன் குழம்பு வரும். கெட்டித் தேங்காய்ப்பால், அதில் கரைந்த பூசணி. கிண்ணம் கிண்ணமாகக் குடித்தேன்.

ஒரு காலை புதர்ப் பக்கம் ஒதுங்கினேன். மூத்திரம் மஞ்சள். பளீர் மஞ்சள். காரத் தின்றால் அப்படித்தான் போகும், தீவில் எல்லோருக்கும் தெரியும். நான்தான் தின்னவில்லையே. அப்படியென்றால் இது காமாலை. ஓடினேன்.

"அதெலினா, நான் போயிடுவேன்."

"எங்க, சகாவ் குடிக்கவா?"

"மஞ்சளாப் போகுது. நான் ஒரு பழமும் தின்னல. எல்லாத்தையும் பன்றிக்குப் போட்டேன்."

அவள் தேங்காய் துருவுவதை நிறுத்தவில்லை.

"தெரியும். அதான் பன்றிக்கு ஒரு சீப்பு, உங்க குழம்புக்கு ஒரு சீப்பு."

"பூசணின்னு சொன்னியே?"

"நீங்க சாப்பிட்டேன்னு சொன்னீங்களே, நான் நம்பலையா? நர்ஸைக் கேட்டேன். கண்ணுக்கான சத்து கொழுப்போட போனாத்தான் குடல் நல்லா இழுத்துக்குமாம். அதுக்குத்தான் தேங்காய்ப்பால். மஞ்சளா வர்றது வேற சத்து. உடம்புக்கு வேண்டியது போக மிச்சம். சாக மாட்டீங்க, உட்காருங்க."

மாதம் போனது. கண் தெளிந்தது. அவளே சகாவ் குடிக்க அனுப்பினாள். நிமிர்ந்து நடந்தேன். அங்கே என் இடத்தில் ஒரு கிண்ணம். சுற்றிலும் நண்பர்களின் அடக்கிய சிரிப்பு.

"உன் வீட்லேருந்து குடுத்தனுப்பினாங்கப்பா."

அந்த மங்கிய வெளிச்சத்திலும் துல்லியமாகத் தெரிந்தது: தேங்காய்ப்பாலில் மசித்த காரத், பக்கத்தில் பிள்ளைக்கு ஊட்டுகிற சின்னக் கரண்டி.