வெர்னன் வசியம் செய்த சிலந்தி

வியாழக்கிழமை காலை என்றால் எங்கள் டுலூத் ஊரின் ஏரிக்கரை மோட்டலில் நிற்க இடம் கிடைக்காது. ஊரிலுள்ள சிறு கடைக்காரர்கள் அத்தனை பேரும் அங்கேதான். பான்கேக்குக்காக அல்ல, வெர்னன் ஸ்டாக்குக்காக!

தேடுபொறியின் சிலந்தியையே வரவழைக்கும் மகான் அவர். இந்தச் சிலந்திக்குக் கால் கிடையாது. இணையப் பக்கங்களைச் சுற்றிவந்து பிரதியெடுத்துப் போகும் ஒரு நிரல். அது மறுபடி வந்து பார்க்கும்வரை, தேடுகிறவர்களுக்குத் தெரிவது பழைய பிரதிதான். வெர்னன் நம் மடிக்கணினிமேல் ஒரு ரப்பர் சிலந்தியை வைப்பார். கண்ணை மூடுவார். "வந்துட்டா!" என்பார். கட்டணம் அதற்கு முன்பே வந்திருக்கும்.

சிலந்தி அடிக்கடி வரப் பரிகாரமும் உண்டு. தினமும் விடியற்காலையில் பக்கத்தின் அடியிலுள்ள தேதியை மாற்ற வேண்டும். தூண்டில் கடைக்காரனான நானும் மாற்றினேன். புழு பழையது, தேதி மட்டும் புதிது.

லோர்னா கிவெலாவின் பேக்கரி கோடையில் தீப்பிடித்தது. 'கடை மூடல்' என்று தன் பக்கத்தில் போட்டாள். செப்டம்பர் கடைசியில் கடையைத் திறந்து, ஆள் வைத்துப் பக்கத்தையும் புதிதாக்கிவிட்டாள். தேடினால் இன்னும் 'மூடல்'தான். நன்றித் திருநாளுக்கு இரண்டே வாரம். அந்த விருந்துக்கான ஆர்டர்கள் வராவிட்டால் கடையை நிஜமாகவே மூட வேண்டியதுதான்.

அந்த வியாழக்கிழமைக் கூட்டத்தில் எழுந்தாள்.

"வெர்னன், நேத்து என் பக்கத்துக்குச் சிலந்தி வந்துச்சா?"

"வந்துச்சாவா? முன்வாசல் வழியா ஜம்முனு வந்தா லோர்னா! ரொட்டிப் படத்துக்கிட்ட அரை மணி நேரம் உக்காந்திருந்தா. நான்தான் பாத்தேனே!"

"அப்ப ஏன் இன்னும் மூடல்னே காட்டுது?"

"உன் மனசுல சந்தேகம் இருக்கு. சந்தேகப்படுறவங்க வீட்டுல அவ தங்க மாட்டா. இன்னும் ஒரு தடவ அழைக்கணும்."

லோர்னா தன் கணினியைக் கூடத்துத் திரையோடு இணைத்தாள். திரையில் விரிந்தது, பக்கத்துக்கு யார் வந்தாலும் நேரத்தோடு தானாகவே எழுதிக்கொள்ளும் வருகைப் பதிவு.

"பாருங்க. ஆறு வாரமா சிலந்தி வாசலுக்கு வருது. ஒரு சின்னக் கோப்பப் படிக்குது. திரும்பிப் போயிடுது. ரொட்டிப் பக்கத்த எட்டிக்கூடப் பாக்கல."

"அப்படி என்ன கோப்பு?" என்றார் படகுக்கடை ஏர்ல்.

"எந்தச் சிலந்தியும் உள்ள வரக்கூடாதுன்னு எழுதியிருக்கு. பக்கத்தப் புதுப்பிச்ச ஆள், வேலை முடியிறவரைக்கும்னு மாட்டின பலகை. கழட்ட மறந்துட்டான். முந்தாநேத்துதான் பாத்தேன். வெர்னன் என்ன சொல்றார்னு கேக்கத்தான் ரெண்டு நாள் விட்டுவெச்சேன்."

வெர்னன் ரப்பர் சிலந்தியை எடுத்துப் பைக்குள் போட்டார். "அவ... கூரை வழியா வந்திருப்பா."

"யோவ், அது என்ன கிறிஸ்துமஸ் தாத்தாவாய்யா?" என்றார் ஏர்ல்.

சிரிப்பில் கூடம் அதிர்ந்தது. லோர்னா அங்கேயே கோப்பிலிருந்த அந்த வரியை அழித்தாள். 'மறுபடி வந்து பார்' என்று தேடுபொறிக்குக் கோரிக்கை அனுப்பினாள். அதற்குக் கட்டணமே இல்லை. ஐந்தாம் நாள் தேடலில் 'திறந்திருக்கிறது' என்று வந்துவிட்டது. ஆர்டர்களும்.

அடுத்த வியாழன் பேக்கரி வாசலில் வரிசை. முதல் ஆள் ஏர்ல், கையில் மடிக்கணினி.

"லோர்னா, உனக்குக் கைராசி! இத ஒரே ஒரு தடவ தொட்டுக் குடேன்!"

"தொட மாட்டேன். உன் பக்கத்தோட வாசல்ல என்ன எழுதியிருக்குன்னு மொதல்ல நீ போய்ப் படி."

எழுதியிருப்பதைப் படித்துவிட்டு நடக்க, மூளையே இல்லாத அந்தச் சிலந்திக்குத் தெரிகிறது. மூளை இருக்கிற நாமோ ரப்பர் சிலந்திக்கு வரிசையில் நிற்கிறோம்.