குறைக்கக் குறைக்கக் கூடிய மாளிகை

"இன்னும் ரெண்டு கிலோபைட் அதிகமா இருக்கு" என்றாள் மனைவி.

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். வேலையை விட்டுவிட்டு எட்டு மாதமாக எழுதிக்கொண்டிருக்கும் விளையாட்டு அது. படமே கிடையாது, எல்லாம் எழுத்துதான். 'வடக்கே போ', 'கதவைத் திற' என்று ஆடுபவர் டைப் அடித்தால், பாழடைந்த மாளிகையில் அடுத்து நடப்பது திரையில் வரும். அந்தப் பழைய கம்ப்யூட்டருக்கோ மொத்தமே நாற்பத்தெட்டு கிலோபைட்தான் இடம். அதற்குள் அடங்கினால்தான் கம்பெனி வாங்கும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

அவர் நோட்டில் எழுதுவார். டைப்பிங் படித்த மனைவி கம்ப்யூட்டரில் ஏற்றுவாள்.

"ஏய், அந்த மழையை எடுத்துடு."

மழையை எடுத்ததும் கிணறு வற்றியது. அதில் நீந்த வேண்டிய ஆட்டக்காரர் விழுந்து செத்தார். கிணற்றையே மூடினார், சாவி அதற்குள் மாட்டிக்கொண்டது. சாவியில்லாமல் திறக்காத கதவைப் பிடுங்கினார்; அடைபட்டிருந்த பேய் வெளியேறிவிட்டது. பேயில்லாத மாளிகைக்கு எவன் வருவான்?

"இப்போ எவ்வளவு?"

"மூணு அதிகம்."

"குறைக்கக் குறைக்க எப்படிக் கூடும்?"

"சாப்பிட வாங்க. ஆறிப்போகுது."

"இங்க உயிர் போகுது, உனக்குச் சாப்பாடு!"

அவள் மறுபடி டைப் அடிக்க உட்கார்ந்தாள்.

நூலகம் போனது. தோட்டம் போனது. வியாழக்கிழமை மாடியையே இடித்த பிறகுதான் மாளிகை ஒருவழியாக அடங்கியது.

வெள்ளிக்கிழமை டிஸ்கைத் தபாலில் சேர்த்துவிட்டுத் திரும்பினார். வீடு பூட்டிக் கிடந்தது. மனைவி அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டில் சொல்லிச் சாவியைக் கொடுத்தார்கள். வீடெல்லாம் தேடினார். ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

'ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாதா?' என்று பத்து நாள் சுவரைப் பார்த்தபடி கிடந்தார். குளிக்கக்கூடத் தோன்றவில்லை.

பதினோராம் நாள் போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார்.

"சார், கம்பெனியிலேருந்து பேசறேன். உங்க விளையாட்டை நான்தான் ஆடிப் பார்க்கறேன். சமையல்கட்டுல மாட்டிக்கிட்டேன்."

"சமையல்கட்டா? அப்படி ஒண்ணை நான் எழுதவே இல்லையே!"

"இருக்கே சார். அங்க ஒரு அம்மா பெட்டியும் கையுமா நிக்கிறாங்க. ஒருதடவை பேரைச் சொல்லிக் கூப்பிட்டா போகமாட்டேன்னு சொல்றாங்க... அவங்க பேரு என்ன சார்?"