ஒழுகித் தொலையேன்!

"நாலு பக்கமும் ஒழுகுது!" என்று போனில் கத்தினார் சொட்டு சார்.

அவர் சோதனைக்கூடத்தின் சூப்பர்வைசர். புதிய அடுக்குமாடிக் கட்டடத்துக்குப் போடப்போகும் கண்ணாடிச் சுவரில் ஒரு துண்டை இங்கே நிறுத்தி, ராட்சத விசிறியால் புயலும் குழாய்களால் மழையும் வரவழைத்து, உள்ளே தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பது வேலை. ஒரு சொட்டைக்கூட விடமாட்டார் என்பதால்தான் அந்தப் பெயர் என்று நம்பிக்கொண்டிருந்தார். கூட வேலை பார்ப்பவர்கள் அவருடைய சொட்டைத் தலையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

விசிறி போட்ட இரைச்சலில் எதிர்முனைக் குரல் பாதிதான் காதில் விழுந்தது. "ஒழுக்கு எப்படி?" என்று கேட்டது. கட்டடக்காரரின் ஆபீஸ் ஆள்தான் என்று நினைத்து, மனிதர் பொரிந்து தள்ளினார்.

"மானம் போகுது சார்! வெளியே பாத்தா பளபளன்னு இருக்கு, உள்ளே ஒண்ணும் சரியில்ல. லேசா காத்தடிச்சாலே ஆட்டம் காணுது. இதை நம்பி யாராவது குடும்பம் நடத்த முடியுமா?"

எதிர்முனை பெருமூச்சு விட்டுவிட்டுப் போனை வைத்தது.

உடனே மனைவி கூப்பிட்டாள். "பொண்ணோட அப்பா உங்களுக்குப் போன் பண்ணினாராமே? என்னத்தைச் சொல்லித் தொலைச்சீங்க? மனுஷன் இடிஞ்சுபோய் உக்காந்துட்டாராம்!"

பெண் என்றால், மச்சினனுக்குப் பேசி முடிக்கப்போகும் பெண். கட்டினால் அவளைத்தான் கட்டுவேன் என்று ஒற்றைக்காலில் நிற்கும் அந்த மச்சினன், இதே கூடத்தில்தான் சுவருக்கு வெளியே ஸ்பானரும் கையுமாக நனைந்துகொண்டிருந்தான்.

சொட்டு சாருக்கு அப்போதுதான் உறைத்தது. அட கடவுளே! அவர் கேட்டது ஒழுக்கு இல்லை, ஒழுக்கம்!

"இந்தச் சம்பந்தம் நின்னுச்சு, அப்புறம் நான் மனுஷியா இருக்கமாட்டேன்" என்றாள் மனைவி.

அந்த எண்ணுக்கே திரும்பப் போட்டார்.

"சார், நான் சொன்னது பையனை இல்ல. சுவரை! சுவர்தான் மோசம்!"

"நிஜமாவே சுவர்தானா?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா.

"சத்தியமா சுவர்தான்! படுமோசம்! ஒரு மழைக்குத் தாங்காது!"

"ஐயையோ..."

மனிதர் நம்பவில்லை என்று சொட்டு சாருக்குத் தோன்றியது. "நேர்ல வாங்க சார்! உங்க கண்ணாலேயே பாருங்க!"

வந்தார். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அவரைச் சுவருக்கு உள்பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்து, சொட்டு சார் கையசைத்தார். விசிறி உறுமியது. வெளியே தண்ணீர் அறைந்தது.

உள்ளே ஈரமே இல்லை.

"காத்தைக் கூட்டு! இன்னும் கூட்டு!"

கண்ணாடி அதிர்ந்ததே தவிர ஒரு சொட்டு வரவில்லை. எத்தனையோ சுவர்களை ஒழுகக் கூடாது என்று வேண்டிக்கொண்டவர், வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு சுவரிடம் கெஞ்சினார். "ஒழுகித் தொலையேன்!"

மச்சினன் தொப்பலாக நனைந்தபடி ஓடி வந்தான். "மாமா, கண்டுபிடிச்சுட்டேன்! சட்டத்துக்கு அடியில தண்ணி வெளியேற ஓட்டை விட்டிருக்காங்கல்ல? கீறல் விழாம இருக்க ஒட்டின டேப் அதையெல்லாம் அடைச்சுக்கிட்டிருந்துச்சு. உரிச்சுட்டேன். இனி புயலே வந்தாலும் ஒழுகாது!"

"அடப்பாவி, கெடுத்தியே காரியத்தை!" சொட்டு சாருக்கு அழுகையே வந்துவிட்டது. "சார், இவன் தங்கமான பையன். சுவர் காலையில ஒழுகிச்சு சார். நம்புங்க..."

பெண்ணின் அப்பா எழுந்து, சட்டத்தின் அடியில் கைவைத்துத் தடவினார். காய்ந்த உள்ளங்கையைப் பார்த்தார். பிறகு சொட்டச் சொட்ட நின்ற பையனை அப்படியே கட்டிக்கொண்டார்.

"பையனைப் பத்தி என் பொண்ணு எப்பவோ முடிவு பண்ணிட்டா, அதை யாருங்க கேட்டா? நான் கேட்டது ஒழுக்கைத்தான். இருந்ததையெல்லாம் கொட்டி, அந்தக் கட்டடத்துல பத்தாவது மாடியில வீடு வாங்கியிருக்கேனே!"